பேண்ட்சா வந்த மாதம்

பிப்ரவரி 3, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை தங்கச் சுரங்க ஷாப்டின் உச்சிச் சக்கரம்கூடத் தெரியவில்லை. பின்பக்கக் கொட்டகைக்குத் தகரம் போட்டு முடித்தேன். தகரம் பற்றவில்லை. ஒரு மூலைக்குக் கோணிதான்.

இனி மிஷின். பேண்ட்சா என்றால் என்ன என்று சரோஜா கேட்டாள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒன்று, இரண்டையும் சுற்றி ஓடும் ரம்பப் பட்டை, நடுவில் இரும்பு மேஜை, அதில் மரத்தை வைத்துத் தள்ளினால் அறுபடும் என்றேன். "கைய எங்க வெப்பீங்க?" என்றாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் இவள் ஒரு தடவையாவது தப்பான கேள்வி கேட்டதில்லை.

சுரங்கத்துக்குள் பாறைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் டிம்பர்மேன் வேலை, பதினேழு வருடம். போதும். மூன்று படி ஏறினால் மார்பு விசிலடிக்கிறது. மேலே வந்து கட்டில், தொட்டில், கதவு என்று செய்து பிழைக்க வேண்டும். இந்த எண்ணம் சரோஜாவுக்கும் கௌதமனுக்கும் மட்டும் தெரியும். கௌதமனும் டிம்பர்மேன்தான், எனக்கு எதிர் ஷிப்ட். சாம்பியன் ரீப்ஸில் கம்பெனி லைன் வீட்டில் இருக்கிறான். தம்பி மாதிரி.

5, செவ்வாய்

பெங்களூர். ஒரு லீவு போச்சு. பார்த்தவை:

1) புதுசு. பளபளப்பு. மேஜைமேல் ஸ்கேலை வைத்தால் அடியில் தீக்குச்சி நுழைகிறது. வேண்டாம்.

2) சீமை மிஷின். யானை. மூணு பேஸ் கரண்ட் கேட்கும். ஆண்டர்சன்பேட்டையில் நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் பல்புக்கே அழுகிறது.

3) பழசு. பச்சை பெயிண்ட், நெற்றியில் குங்குமப் பொட்டு வேறு. அளவு சரி, விலை சரி. பேசி முடித்துக் கையையும் நீட்டிவிட்டேன்.

நீட்டின கையில் ஸ்பேனர் இருந்தது. சும்மா சக்கரத்தைத் தட்டினேன். கீழே நின்று வேலை செய்யும் முன் தலைக்குமேல் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்போம், அந்தப் பழக்கம். கணீர் என்றால் நிற்கலாம். சத்தம் செத்திருந்தால் ஓட வேண்டும். கீழ்ச் சக்கரம் கணீர். மேல் சக்கரம் செத்த சத்தம். நகத்தால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் ஓட்டை அடைக்கிற மக்கு, மக்குக்கு அடியில் விரல் நீளம் விரிசல்!

கடைக்காரர் சிரித்துக்கொண்டே "ஏனூ ஆகல்ல ஸார்" என்கிறார், ஒன்றும் ஆகாதாம். ஓடும்போது அது வெடித்தால் நேரே முகத்துக்கு வரும். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். பொட்டு வைத்து விற்கிறான் பாவி.

9, சனி

மறுபடி லீவு. பங்காருபேட்டை. மூடிப்போன மரமில் ஒன்றில் ஒரு பேண்ட்சா இருப்பதாகக் கேள்வி. மில்காரர் தெலுங்கு ஆள், வயசானவர். நான் ஸ்பேனரை எடுத்ததும், தட்டு தட்டு என்று அவரே சொன்னார். இரண்டு சக்கரமும் கோயில் மணி.

குறைகள்: சக்கரத்தின் மேல் ரப்பர் காய்ந்து பொடி. பட்டை துரு. மேல் சக்கரத்தைச் சாய்க்கிற திருகு இறுகிப்போச்சு. எல்லாம் என் கையில் சரியாகிற சமாசாரம். முடித்துவிட்டேன்.

லீவு அட்டையில் இனி ஒன்றும் இல்லை.

10, ஞாயிறு

லாரி வந்தது. இறக்க நாலு பேர், கௌதமனும் வந்தான். அவன் தூக்கினதைவிடப் பேசினது அதிகம். "அண்ணா மேல வந்துட்டா ஷிப்ட் மாறும்போது எனக்கு யாரு பீடி குடுப்பாங்க?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். போகும்போது மட்டும் மிஷினைத் தடவிவிட்டு, சீக்கிரம் ஓட்டுங்கணா, நானும் வந்துடறேன் என்றான்.

சரோஜா சொன்னது: போன வருஷம் கௌதமன் ஓய்வுநாளில் வேறொருத்தனுக்காக இறங்கி விரலை நசுக்கிக்கொண்டான் அல்லவா, அதிலிருந்து அவன் பெண்சாதி அமராவதி குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். இனி வேறு யார் நம்பர் டோக்கனிலும் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று.

12, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து வந்து மிஷினோடு மல்லுக்கட்டு.

லாரி டியூபை வெட்டிச் சொல்யூஷன் தடவிச் சக்கரத்தில் ஒட்டினேன். காய இரண்டு நாள் என்கிறார்கள், பொறுமை இல்லை. மேலே கீழே நூல் பிடித்துப் பார்த்தேன். மேல் சக்கரம் கால் அங்குலம் வெளியே. வாஷர் இரண்டு போட்டதும் நூல் நாலு இடத்திலும் தொடுகிறது. இறுகின திருகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன்.

பட்டைப் பல்லுக்கு அரம். நூற்றுச் சொச்சம் பல். கண் போச்சு.

13, புதன்

பட்டையை மாட்டிக் கையால் சுற்றினேன். முதலில் முன்னால் ஓடி வந்தது. மேல் சக்கரத்தை மயிரிழை சாய்த்ததும் நடுவில் நின்றது. அந்த நிமிஷம் சந்தோஷம் தாங்கவில்லை, சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சுத்துது" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு.

மோட்டார் போட்டால் மொத்தமும் நடுங்குகிறது. மில்காரர் சொன்ன பரீட்சை: மேஜையில் காசை நிறுத்தி வை, மிஷின் ஓடும்போது காசு விழாவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். என் காசு நிற்பதற்கு முன்பே விழுகிறது. ஒரு முழுப் பகல் வேண்டும். லீவு இல்லை.

கௌதமன் வந்தான். நாளை அவனுக்கு ஓய்வு. "டோக்கன் குடுங்கணா, நான் எறங்கறேன். ஒரு ஞாயித்துக்கெழம எனக்கு நீங்க எறங்குங்க" என்றான். இது இங்கே புதுசில்லை. டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் பித்தளை வில்லையின் நம்பரைத்தான் பார்ப்பார், முகத்தை யார் பார்க்கிறார்கள். மேஸ்திரிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அமராவதிக்குச் செய்த சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்டேன். கோலாரில் தாலுக்கா ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவானாம்.

வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. கொடுத்துவிட்டேன்.

14, வியாழன். காலை

நல்ல வெளிச்சம். சரோஜா ரேஷன் கடைக்கு.

கீழ்ச் சக்கரத்தில் ஒரு பக்கம் கனம். எதிர்ப்பக்கம் ஈயம் வைத்துக் கட்டினேன். கைடுக்கும் பட்டைக்கும் நடுவே காகித இடைவெளி. பட்டையை இன்னும் ஒரு சுற்று இறுக்கம்.

10.15. காசு நிற்கிறது!! ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

விழுந்துவிட்டது. காசு மட்டுமா, தகரம் கடகட, சுவரில் தொங்கின உளி இரண்டும் தரையில். சனியன் மேல் சக்கரம்தான். கழற்றிப் பார்க்க வேண்டும்.

10.50. கழற்றினேன். ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டியாச்சு. ஓட்டுகிறேன். காசு கம்பீரமாக நிற்கிறது. அப்போது ஏன் விழுந்தது? புரியவில்லை.

அதே நாள், சாயங்காலம்

மேலே எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

அது மிஷின் இல்லை. பர்ஸ்ட். கீழே பாறை வெடித்திருக்கிறது. இந்த ஊரில் பாத்திரம் ஆடினால் கைக்குழந்தைக்காரிகூட வெளியே வந்து ஷாப்டைப் பார்ப்பாள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். சங்கு ஊதியிருக்கிறார்கள், மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் நட்டு கழற்றிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். அமராவதி தலைவிரிகோலமாக உள்ளே ஓடி வந்தாள். சரோஜா, சரோஜா என்று கூப்பிட்டுக்கொண்டு. கொட்டகையில் என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஷாப்ட் வாசலில் மேலே வராத டோக்கன் நம்பரும் பெயரும் படித்தார்களாம். ஒரே பெயர்தான். முனிரத்தினம். என் பெயர். சரோஜாவைத் தாங்கிப் பிடிக்க ஓடி வந்திருக்கிறாள்.

எழுந்து வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மரத்தூளோடு நிற்கிறேன். "நீங்க கீழ போவலியாணா?" என்று கேட்டுவிட்டு அழுதாள், சிரித்தாள். புத்தருக்கு விளக்கேற்ற வேண்டும் என்றாள்.

கௌதமன் எங்கே என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன். கோலாருக்குப் போயிருக்காரு என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்லவே இல்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் ஓடினோம். வாசலுக்கு முன்னாலேயே மேஸ்திரி என் கையைப் பிடித்துச் சந்துக்குள் தள்ளினார். "உள்ள வராதீங்க. நீங்க கீழ கீறீங்க" என்றார். நான், நீங்க, கௌதமன், மூணு பேர் வேலையும் போய்விடும், தோண்டுகிறவர்கள் ஆளைத்தான் தேடுகிறார்கள், பெயரை இல்லை, வீட்டுக்குப் போங்க என்றார்.

வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்பதை நம்ப முடியவில்லை.

15, வெள்ளி

குளிர். தெருவில் தலை காட்டவில்லை. முன்கதவு சாத்தியே இருக்கிறது. எனக்காக அழ வந்த இரண்டு பேரைச் சரோஜா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பொய் சொல்லத் தெரியாதவள், திக்கித் திக்கிச் சொன்னாள்.

அமராவதி நேற்றிலிருந்து ஷாப்ட் வாசலில். என் மனைவிக்குத் துணையாக வந்தவள் என்று ஊர் நினைக்கிறது. அழக்கூட அளவாகத்தான் அழ வேண்டும் அவள். சரோஜா காபி கொண்டு போனாள். அமராவதி சொல்லி அனுப்பியது: "அண்ணா மேல கோவம் இல்ல. எங்கிட்ட பொய் சொல்லிக்கினு போனாரே, அதான் தாங்கல."

கோபப்பட்டிருக்கலாம்.

மேலிருந்து தட்டினால் கீழிருந்து பதில் தட்டு வருகிறதாம். மதியம் வரை வந்தது. அப்புறம் இல்லை.

மிஷின்மேல் போர்வை போட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

16, சனி

விடிந்ததும் கௌதமனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது! உயிர் இருக்கிறது. நினைவு இல்லை. வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கல்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் முனிரத்தினம். பாஸ் சம்சாரத்துக்கு மட்டும். உள்ளே சரோஜா, கேட்டுக்கு வெளியே அமராவதி. மாற்றுத் துணியை அமராவதி கம்பி வழியாக நீட்ட, சரோஜா வாங்கிப் போகிறாள். இது என்ன கூத்து.

மேஸ்திரி வந்தார். அவன் குணமாகும் வரை வாயைத் திறக்காதே, பெயரில் இல்லாத ஆளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்கிறார். சரிதான் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டேனே.

பத்து மணிக்குச் சரோஜா ஓடி வந்தாள். காலை எடுக்க வேண்டுமாம். சாயங்காலத்துக்குள். பெண்சாதி கையெழுத்துக் கேட்கிறார்கள். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்களாம், போட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டேன். போடாமல் வந்திருக்கிறாள்.

"அந்தக் காலு அவளுது. நான் எப்பிடிங்க கையெழுத்து போடுவேன்?" என்றாள்.

சட்டையை மாட்டினேன். எங்கே போகிறீர்கள் என்று சரோஜா கேட்கவில்லை, பொத்தானைப் போட்டுவிட்டாள்.

டைம் ஆபீஸ் ஜன்னல். கிளார்க் தலை நிமிரவில்லை. நம்பர் சொன்னேன். அந்த ஆளு ஆஸ்பத்திரியில் இருக்கான் என்றார். இல்லை, இங்கே நிற்கிறேன் என்றேன். நிமிர்ந்தார். அவர் கையில் இருந்த கட்டைப் பேனா உருண்டு விழுந்தது. முழுதும் சொன்னேன். அமராவதி பெயர், அவன் பெயர், சாம்பியன் ரீப்ஸ் லைன் நம்பர், எல்லாம். நான்தான் டோக்கனைக் கொடுத்து இறங்கச் சொன்னேன் என்று எழுதச் சொன்னேன். அவன் கொடுங்க என்று சொன்னதைச் சொல்லவில்லை. மேஸ்திரி பெயரையும் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

வேலை போகும் என்றார். போகட்டும்.

மூன்று மணிக்கு அமராவதியை உள்ளே விட்டார்கள்.

17, ஞாயிறு

கால் எடுத்தாயிற்று. ஆள் பிழைத்துவிடுவான் என்கிறார்கள்.

சரோஜா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னது. காலையில் கண் திறந்தானாம். நினைவு இருக்கிறதா என்று பார்க்க நர்ஸம்மா பெயர் கேட்டாளாம். கொஞ்சம் யோசித்துவிட்டு முனிரத்தினம் என்றானாம். என் டோக்கன் நம்பரையும் சேர்த்துச் சொன்னானாம்.

அமராவதி குனிந்து அவன் காதில், "உன் பேரச் சொல்லுய்யா, அண்ணா சொல்லிட்டாரு" என்றாளாம்.