கரண்ட் போன நேரத்தில் வெந்த பனானா பிரெட்

கூப்பிட்டால் ஆளுக்கு முன்னால் ‘வர்றனுங்க’ என்ற குரல் மட்டும் சமையலறையிலிருந்து வந்து சேரும் என் கமலாவுக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் சம்பந்தியம்மாவுக்கு உன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். எந்த ஏப்ரன் என்று கேட்கிறாயா? உன் பழைய நைட்டியை வெட்டி நீயே தைத்தாயே, பெரிய பெரிய செம்பருத்திப் பூப் போட்டது, அதேதான். மீசையெல்லாம் மைதா. கையில் முட்டை அடித்த கரண்டி. மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் காலை டிபன் நேரத்துக்கே வந்து நின்றால் நான் என்ன செய்ய? கழற்றலாம் என்று முதுகுக்குப் பின்னால் கையை விட்டால் முடிச்சு இறுகிப்போய் அவிழவே இல்லை. அன்று சாயங்காலம் வரை அதோடுதான் திரிந்தேன்.

சம்பந்தியம்மாவுக்குப் பின்னால் நம் மகள் நிவி நின்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்புக்காக இன்னொரு செம்பருத்தி நைட்டியை முழுசாகவே மாட்டிக்கொள்வேன்.

ஆமாம் கமலா, உனக்கு இன்னும் சொல்லவில்லை. நீ பாட்டி ஆகப்போகிறாய். வளைகாப்பு அவிநாசியில் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. உன் இடத்தில் உன் தங்கை நின்று வளையல் போட்டாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, பந்தியில் என் காது கேட்கிற தூரத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிற வரைக்கும்.

“தலைப்பிரசவம் பொறந்த ஊட்டுலதான். ஆனா அம்மா இல்லாத ஊட்டுக்கு எப்புடி அனுப்பறது?”

“அதுவும் அந்த மலைக் குளுருல. அப்பன் ஒருத்தருதான் இருக்காரு. அவுரு சுடுதண்ணி வெப்பாரா, பத்தியம் பாப்பாரா?”

நான் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். கோபம் வரவில்லை. நிஜத்தைச் சொல்கிறேன், அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சுடுதண்ணி வைப்பேன். பத்தியம் என்றால் என்ன என்று உன் தங்கையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல்?

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “ஏனுங்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. புள்ளைக்கு எடையே ஏறலைன்னு டாக்டரம்மா சத்தம் போடறாங்க. எதைக் குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கறா. ரெண்டு நாளைக்கு உங்க ஊட்டுக்குக் கூட்டியாறேன். அவ சாப்டா பாக்கலாம். இல்லீன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துடறனுங்க. பிரசவம் எங்ககிட்டயே இருக்கட்டும்.”

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தபோது நிவி போன் செய்தாள். “அப்பா, எனக்கு அம்மாவோட பனானா பிரெட் மட்டும் திங்கணும்போல இருக்குப்பா. நீங்க செய்வீங்களா?”

“அதென்ன பெரிய வித்தையா?” என்றேன். டீ பேக்டரியில் இத்தனை வருஷமாக டிரையர் முன்னால் நிற்கிறவன் நான். இலை எந்தச் சூட்டில் காய்கிறது, எப்போது கருகப்போகிறது என்று மூக்கிலேயே சொல்லிவிடுகிறவனுக்கு ஒரு கேக்கை வேகவைக்கத் தெரியாதா? சரி, சரி, கேக் இல்லை, பிரெட். வட்டமாக இருந்தாலும் அது பிரெட்தான். எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்த உன் அப்பா அப்படித்தான் சொல்வார், நீயும் என்னை ஒவ்வொரு தடவையும் திருத்துவாய்.

உங்கள் குடும்பத்துச் செய்முறை எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பழம் பிசைகிற வேலை எனக்குத்தானே கொடுப்பாய். நான் பிசையப் பிசைய நீ எதிரில் நின்று போடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவாய். மைதா, நாட்டுச் சர்க்கரை, முட்டை, உருக்கின வெண்ணெய், ஆறின கெட்டி டிக்காஷன் ஒரு கரண்டி. “மலையில சோடா உப்பு கிள்ளிப் போடணும், அள்ளிப் போடக்கூடாது, பொங்கிட்டு அமுங்கிடும்.” இத்தனை வருஷம் கேட்டது காதிலேயே இருந்தது. காதில் விழாத ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன்.

மலைக்குக் கீழே பர்லியாரிலிருந்து வருகிற பழக்காரரிடம் ஒரு சீப்பு வாங்கினேன். கொஞ்சம் காய்வெட்டு. பழுக்கட்டும் என்று பின்பக்கம் சிமெண்ட் தொட்டிமேல் வைத்தேன். இரண்டு ராத்திரி நல்ல பனி. மூன்றாம் நாள் பார்த்தால் தோல் கன்னங்கரேல் என்று இருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். பிரெட்டுக்குக் கருத்த பழம்தான் வேண்டும் என்று நீ சொல்வாயே. உரித்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று காய். பிசைந்தால் பிசையவே வரவில்லை. குளிர் மேல்தோலை மட்டும் கருக்கிவிட்டு உள்ளே காயாகவே விட்டுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ‘இதுவும் பழம்தான், கொஞ்சம் பிடிவாதமான பழம்’ என்று நினைத்து உரலில் போட்டு இடித்துச் செய்தேன்.

வந்தது பிரெட் இல்லை. பேக்டரிக்கு எடுத்துப்போய் சிவராஜிடம் ஒரு துண்டு கொடுத்தேன். என்கூட டிரையரில் நிற்கிற பையன், மரியாதை தெரிந்தவன். கொஞ்ச நேரம் மென்றான். பிறகு மிச்சத்தைக் கையில் வைத்து எடை பார்த்தான்.

“அண்ணே, மேட்டுல நிறுத்துன லாரிக்கு டயர்ல கட்டை வெப்போம்ல? அதுக்கு ஆவும்ணே.”

அன்றைக்குத்தான் என் பழைய ஸ்வெட்டர் ஞாபகத்துக்கு வந்தது. பழத்தை என் ஸ்வெட்டருக்குள் சுற்றி அடுப்பங்கரை மூலையில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பாய். “ஸ்வெட்டர் வாசனையில எல்லாரும் என்னை வாழப்பழம் விக்கறவன்னு நினைக்கறாங்க” என்று நான் கத்துவேன். நீ சிரிப்பாய், காரணம் சொல்ல மாட்டாய். ஏன் கமலா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பழத்துக்கும் குளிரும் என்று?

அடுத்த சீப்பை என் புத்தியை உபயோகித்துப் பழுக்கவைக்கப் பார்த்தேன். நம் ஊரில் டிரையர் ரூமைவிடக் கதகதப்பான இடம் உண்டா? சாக்கில் சுற்றி ஓரமாகத் தொங்கவிட்டேன். டீத்தூள் பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். அந்த நான்தான் இதைச் செய்தேன். மறுநாள் டீத்தூளை ருசி பார்க்க வந்த எங்கள் மேலதிகாரி, டீ மேக்கர், மூக்கைச் சுருக்கிக்கொண்டு சாக்கு வரைக்கும் நடந்து வந்தார்.

“ஏனுங்ணா, ஏலக்கா டீ கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வாழப்பழ டீ கண்டுபிடிக்கறீங்களா?”

சீப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்வெட்டரில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். வேறு வழி இருக்கிறதா உன்னிடம்?

அந்தப் பழத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை பிசைந்தேன். தேன் மாதிரி இருந்தது கமலா. உன் வட்டமான அலுமினியக் கரண்ட் ஓவனில் டின்னை வைத்து மூடினேன். மேலே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கும்போதுதான் வாசலில் கார் சத்தம். அப்புறம்தான் அந்த ஏப்ரன் கூத்து.

நிவியைக் கூடத்துக் கட்டிலில் உட்காரவைத்து, சம்பந்தியம்மாவுக்கு டீ கொடுத்து, ‘இதோ இப்ப ஆயிடும்’ என்று நான் சமையலறைக்குத் திரும்பவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. எட்டிப் பார்த்தால் தெருவுக்கே இல்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஓவனுக்குள்ளே மாவு பாதி எழும்பி நின்றுகொண்டிருந்தது. ஓரம் வெந்து, நடுவில் கூழ்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நின்றேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இது அமுங்கினால் செவ்வாய்க்கிழமை நிவி காரில் ஏறிவிடுவாள்.

“ஏனுங்ணா, பாத்துட்டே நின்னா வெந்துருமா?” பின்னால் சம்பந்தியம்மா. சேலையை இழுத்துச் செருகிவிட்டார். “இட்லிப் பானை எங்க? கல்லுப்பு எங்க?”

“உப்பு எதுக்குங்க? இது இனிப்பு...”

“அய்யோ, அதுக்குள்ள போடறதுக்கில்லீங்ணா! நவுருங்க.”

இட்லிப் பானையைக் கேஸ் அடுப்பில் வைத்து, மாசத்து உப்பு மொத்தத்தையும் அடியில் கொட்டி, நன்றாகச் சூடு ஏற்றினார். என்னிடம் டின்னைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னார். “குலுங்காம. பச்சக் கொழந்தையத் தூக்கற மாதிரி. அட, அப்படியில்லீங்ணா, இப்புடித்தான் பேரப்புள்ளையும் தூக்குவீங்களா?” கூடத்திலிருந்து நிவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மூடி போட்டு அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றிவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம், ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி.

வாசனை வந்தது. அதில் மட்டும் நான் ஏமாறவில்லை. நாட்டுச் சர்க்கரை ஓரத்தில் பிடிக்க ஆரம்பிக்கிற வாசனை. “இறக்கிடலாம்” என்றேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். “இறக்கிடலாமுங்க, மூக்கு சொல்லுது” என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு இறக்கினார். ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை.

நடுவில் ஒரு பள்ளம், குளம் மாதிரி. ஒரு ஓரம் மட்டும் உயரமாக, நம் ஊர் மாதிரியே மேடும் பள்ளமுமாக இருந்தது. ஆறுவதற்குக்கூட நிவி விடவில்லை. ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

“அம்மா செஞ்சது மாதிரி இல்லப்பா.”

“எப்புடி சாமி இருக்கும்?” என்றேன்.

“இன்னொரு துண்டு குடுங்க.”

பிறகு இன்னொன்று. பிறகு ஓரத்து மொறுமொறுப்பு எங்கே என்று தேடி எடுத்துத் தின்றாள். நீ மறைத்து வைத்து அவளுக்குக் கொடுப்பாயே, அந்த ஓரம். தின்றுவிட்டு அப்படியே உன் தலையணையில் சாய்ந்து தூங்கிவிட்டாள், கையில் தூளோடு. வாந்தி இல்லை, ஒன்றும் இல்லை. குறட்டைகூட விட்டாள். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

சம்பந்தியம்மா கூடத்து வாசலிலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைக்கு வந்து, அடிப்பிடித்த உப்பைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

“இவ இப்புடிச் சாப்ட்டு நான் பாத்ததே இல்லீங்ணா. இங்கயே இருக்கட்டும். கடைசி மாசம் நான் வந்துடறேன், எனக்கொரு கம்பளி மட்டும் எடுத்து வைங்க. அந்தக் கொல்லைப் படியில அவளைத் தனியா எறங்க வுடக்கூடாது. பாசி புடிச்சுக் கெடக்குது.”

“சரிங்க.”

“நீங்க ஒரு வேலையும் உருப்படியாச் செய்யலீங்ணா. ஆனா சொன்னாக் கேக்கறீங்க. எங்க ஊட்டுக்காரர்கிட்ட அதுகூட இல்லீங்க.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா? நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் கரண்டும் வந்துவிட்டது. அதற்கு எப்போதுமே நேரம் தெரியாது.

இதெல்லாம் உனக்கு மட்டும் சொன்னால் போதாதா, ஊரே படிக்கிற மாதிரி எழுதி அனுப்புவது எதற்கு என்று நீ கேட்பாய். படித்துச் சிரிக்கட்டும் கமலா. என்னை மாதிரி வீட்டில் ஒற்றை ஆளாக நின்று முழிக்கிற அப்பன்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்குச் சோடா உப்பு விஷயமாவது தெரியட்டும்.

நிவி இப்போது கூடத்தில் உட்கார்ந்து பேர் தேடிக்கொண்டிருக்கிறாள். உன் பேரைத்தான் வைக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன், அவள் இஷ்டம். பொறுப்பாக இருப்பேன். கொல்லைப் படியை நேற்றே தேய்த்துக் கழுவி, கைப்பிடிக்குக் கம்பி அடித்துவிட்டேன். குழந்தை பிறந்து அது முதல் அழுகை அழுததும், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து முதலில் உனக்குத்தான் சொல்வேன். அவிநாசிக்குப் போன் அதற்கப்புறம்தான். இது சத்தியம்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மா மட்டும் கிளம்பினார். கார் ஜன்னலை இறக்கி, “பொண்ணுக்குப் பொறந்த ஊடு வேணுமுல்லீங்ணா, அதான் வுட்டுட்டுப் போறேன்” என்றார். “ஆமாங்க, அவளுக்காகத்தான்” என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

நிவியின் அப்பா,
உன் ஊட்டுக்காரன்