வாசலுக்குப் போன படம்

பிப்ரவரி 18, செவ்வாய்

மானிட்டர் வந்துவிட்டது. மூன்று பேர் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். ரிஃபாத் கூடவே நடந்து "மெதுவா, மெதுவா" என்றான். என் தம்பி எந்த வேலையிலும் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்ததில்லை.

கன்சோலை மாட்டினேன். படம் வந்தது. மூலையில் எண்ணும் வந்தது: 1080. இதே மேசையில் இருந்த பழைய டிவியில் பார்த்த அதே மங்கல், இப்போது பெரிய அளவில். அட்டைப்பெட்டி முழுக்க 4கே, 4கே என்று அச்சடித்திருக்கிறார்கள். வருகிறவர்களை அட்டைப்பெட்டிக்கு முன்னால் உட்காரவைக்கலாம் போல.

"படம் தெரியுதுல்லக்கா? அப்புறம் என்ன?" என்றான் ரிஃபாத்.

இவனுக்கும் இந்தக் கேம் ஹாலில் பாதி உரிமை. அப்பா எந்த நினைப்பில் அப்படி எழுதிவைத்தாரோ.

பிப்ரவரி 19

ஹாலை ஒரு பொரித்த கோழிக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று ரிஃபாத் நச்சரிக்கிறான். கடைக்காரர் ஹாஜி முத்தவல்லி தயாராக இருக்கிறாராம். இந்த அலெக்ஸாந்திரியாவில் கோழி கிடைக்காமல் யாரோ அழுதுகொண்டிருப்பதுபோலப் பேசுகிறான்.

நான் சொல்லியிருப்பது ஒன்றுதான். தெருவின் ரமளான் கால்பந்துப் போட்டி (கன்சோலில் ஆடுகிற போட்டி) இந்த வருஷம் நம் ஹாலில் நடந்தால் கோழி கிடையாது. நடக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வார்த்தையை விட்டாகிவிட்டது. இந்த ஹாலை விட்டால் காலையில் எழுந்து போக எனக்கென்று ஓர் இடமில்லை. அது அவனுக்கும் தெரியும்.

போட்டி எங்கே என்பதைத் தீர்மானிக்கிறவன் கரம். டயர் கடையில் வேலை, தெருவின் சாம்பியன். அவன் எங்கே உட்காருகிறானோ மற்றவர்களும் அங்கேதான். போன மாதம் வந்து சொன்னான்: "என் கண்ணு வேற மாதிரிக்கா. 4கே இல்லாம ஆடினா தலை வலிக்குது." அந்த ராஜகுமாரனின் தலைவலிக்காகத்தான் என் சேமிப்பெல்லாம் மானிட்டர் ஆனது.

பிப்ரவரி 21

கேபிள்தான் கோளாறு என்று எல்லாரும் சொன்னார்கள். ஸக்லூலின் மின்சாமான் கடைக்குப் போனேன். தங்க முலாம் பூசிய ஒன்றை, கல்யாண நகை காட்டுகிற மாதிரி வெல்வெட் துணியில் வைத்துக் காட்டினார்.

"8கே வரைக்கும் தாங்கும் மேடம். கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க."

கல்லாவுக்கு அடியில் கையை விட்டுத் தடவி, பழையதைப் பிடுங்கிவிட்டு இதை மானிட்டருக்கு மாட்டினேன். கண்ணை மூடியே வைத்திருக்கலாம். திறந்தால் 1080. கன்சோலின் அமைப்புப் பக்கத்தில் 2160 என்ற வரி, அதாவது 4கே, சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. அழுத்தினால், இந்தத் திரை இதை ஏற்காது என்கிறது. ஏற்காதா? அதற்காகத்தானே வாங்கினேன்!

பிப்ரவரி 22

இன்றைய நிபுணர்கள்: மானிட்டர் போலி என்றார் ஸக்லூல். கன்சோல் கிழடு என்றான் கரம். கண்ணேறு பட்டிருக்கும் என்றான் ரிஃபாத். மூன்று பேரும் என் டீயைத்தான் குடித்தார்கள்.

பிப்ரவரி 24

பொறுமை போய்விட்டது. கன்சோலையும் மானிட்டரையும் மாடிக்கு, வீட்டுக்கே தூக்கிப் போனேன். நேராக ஒரே கேபிள், அந்தத் தங்க முலாம்தான். மூலையில் 2160!

உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

ஆக மானிட்டர் நல்லது. கன்சோல் நல்லது. கேபிளும் நல்லதுதான், ஸக்லூலிடம் மட்டும் சொல்லக்கூடாது. கோளாறு ஹாலுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

பிப்ரவரி 25

கண்டுபிடித்துவிட்டேன். கன்சோலிலிருந்து புறப்படும் கம்பி மானிட்டருக்கு நேராகப் போகவில்லை. கல்லாவுக்கு அடியில் தூசி மூடிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் போகிறது. அங்கே இரண்டாகப் பிரிந்து ஒன்று மானிட்டருக்கு, இன்னொன்று வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் பழைய டிவிக்கு. நடைபாதையில் டீ குடிப்பவர்கள் ஆட்டம் பார்க்கிறார்களே, அந்த டிவிக்கு. எப்போதோ மாட்டியவன் ரிஃபாத்.

"ஓ, அந்த ஸ்பிளிட்டரா? மறந்தே போச்சுக்கா."

கிழட்டு டிவியால் 1080தான் முடியும். அதனால் பெட்டி இரண்டுக்குமே 1080 அனுப்புகிறது. ஒருத்தருக்கு ரத்தக்கொதிப்பு என்று வீடு முழுக்க உப்பில்லாமல் சாப்பிடுவதைப் போல. இத்தனை நாள் நாங்கள் எல்லாரும் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம், ஓசியில் பார்க்கிற கூட்டத்துக்காக.

பிடுங்கி எறிந்தேன். நேர் கேபிள் போட்டேன். புல் தனித்தனியாகத் தெரிந்தது. கோல்கீப்பரின் கையுறையில் தையல் தெரிந்தது.

பிப்ரவரி 27

கரம் வந்து பார்த்தான். "இப்பத்தான்கா கண்ணுக்கு மரியாதை!" என்றான். அவன் வாயிலிருந்து பாராட்டு வாங்குவதற்குள் எனக்கு நரை வந்துவிட்டது.

வாசலில் டீ குடிக்கிறவர்கள் எட்டிப் பார்த்து, "டிவி என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"இதென்ன தர்ம சினிமா கொட்டகையா? பாக்கணும்னா உள்ள வாங்க" என்றேன். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இருக்கும் நூஹின் கேம் ஹாலுக்குப் போனார்கள். போகட்டும்.

மார்ச் 1, சனி

முதல் நோன்பு. நோன்பு திறந்து, தொழுகையும் முடிந்து தெருவே வெளியில் இருந்தது. ஹாலுக்குள் நானும் ரிஃபாத்தும், செல்போன் சார்ஜ் போட வந்த ஒருவனும். திரையில் அந்த அழகான புல். மேய ஆடுகூட இல்லை.

எதிரில் நூஹின் வாசலில் கூச்சல். நூஹிடம் இருப்பது வெள்ளையே மஞ்சளாகத் தெரியும் டிவி. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்? கரம். தலைவலிக்காரன்!

நேரே போய்க் கேட்டேன். "இந்த எழவுல உனக்குப் பந்தாவது தெரியுதா?"

அவன் திரும்பக்கூட இல்லை. "கோபப்படாதக்கா. உன் படம் சூப்பர்தான். ஆனா கோல் போட்டா கத்த ஆள் வேணும்ல? உன் ஹால்ல போட்டா எனக்கு மட்டும்தான் தெரியும்."

மார்ச் 2

வியாழக்கிழமை போட்டியின் முதல் ஆட்டம். அன்றைக்கே ஹாலை அளக்க வரச்சொல்லி ஹாஜிக்கு ரிஃபாத் போன் போட்டுவிட்டான். இந்த ஒரு வேலையில் மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு.

"அந்தப் பெட்டிய மறுபடி மாட்டித் தொலைக்கா. அவங்களுக்கு என்ன 1080ஆ 4கேயான்னு தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்டா! எனக்குத் தெரியும்ல!"

கத்திவிட்டு அடுக்களைக்கு வந்தேன். அவன் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். யாருக்கும் தெரியாது. அப்புறம் எதற்கு இந்த வீம்பு? அந்தப் பெட்டியை மாட்ட மாட்டேன். இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த படத்தை மறுபடியும் மங்கலாக்கிவிட்டு, அதையே தினமும் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது.

மார்ச் 4

மாலையில் ரொட்டி வாங்கப் போனேன். தெரு நெடுக மேசை போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நோன்பு திறக்கத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே நடுத்தெருவுக்குக் கொண்டுவந்திருந்தார். நோன்பு மாதத்தில் இந்த ஊரில் வீட்டுக்குள் என்னதான் மிச்சம் இருக்கிறது?

சாப்பாடே தெருவுக்கு வருகிறது. மானிட்டருக்கு மட்டும் என்ன தனி கௌரவம்?

கூட்டத்துக்கு ஒரு திரை, ஆடுகிறவர்களுக்கு ஒரு திரை என்றால்தானே பெட்டி வேண்டும். திரை ஒன்றே என்றால்?

மார்ச் 5

"நடைபாதையிலயா? இவ்ளோ விலை குடுத்து வாங்கினத?" ரிஃபாத் தலையில் கை வைத்தான். என் பணத்துக்கு அவனுக்கு இவ்வளவு கவலை உண்டென்று இன்றுதான் தெரிந்தது.

மழை வந்தால் மூட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிவைத்தேன். நீட்டிப்புக் கம்பியும் வாங்கினேன். நூஹ் ஹால் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

மேசை நடைபாதையில். அதன்மேல் மானிட்டர், அருகில் கன்சோல், நடுவில் நேர் கேபிள் ஒன்று. ஆடுகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி, அவர்களுக்குப் பின்னால் தெரு முழுக்க. மூலையில் 2160. நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன்.

முதலில் டீக்காரர்கள் வந்தார்கள், தர்ம சினிமா பார்க்க. அப்புறம் எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்தன. கரம் வந்தான். "தலைவலி எப்படி இருக்கு ராஜா?" என்றேன். அசடு வழிந்துகொண்டே போய் உட்கார்ந்தான். அவன் முதல் கோல் போட்டபோது எழுந்த கூச்சலில் மாடி ஜன்னல்களெல்லாம் திறந்தன. கொஞ்ச நேரத்தில் நூஹும் வந்து ஓரமாக நின்றார். சிரிக்கவில்லை.

பாதி ஆட்டத்தில் ஹாஜி முத்தவல்லி அளவு நாடாவோடு வந்தார். ஹாலுக்குள் போக வழியில்லாமல் கூட்டத்தின் முன்னால் நின்றுவிட்டார். ரிஃபாத் அவரை நோக்கி எழுந்தான்.

"ஹாஜியார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."