மலையேறாத நிருபர்

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் துண்டு கிடைத்தது. 'மலைக்காரர்கள் டோலி தூக்க மறுத்ததால் ஓவர்சியர் மனைவி மரணம்' என்று எழுதிய நிருபர் மலையேறவே இல்லை. டோலி தூக்கும் செங்கோடனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைக்காரர்கள் என்றால் அவருக்கு எப்போதும் இளக்காரம்.

அதை நம்பி அவர்கள் மேல் போலீசில் பிராது கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்றே செங்கோடன் டோலியோடு வாசலில் நின்றான். "ஏனுங்க சாமி, மழைக்கு முந்தி அம்மிணிய எறக்கிப்புடலாமுங்க" என்றான். நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். நூற்றொன்றுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் மழையில் பாதை சரிந்துவிட்டது.

மலைக்குக் கீழே சேந்தமங்கலம் கடைத்தெருவில் நிருபர் விசாரித்தது ஒரே ஓர் ஆளை. "தூக்கமாட்டேன்னுட்டாங்க" என்று அவரிடம் சொன்னது நான்தான், மாமா.

இப்படிக்கு,
உங்கள் மகளைக் கட்டியவன்