தட்டில் ஏறிய விஷம்

ரராவாய், பா, பிஜி
3-9-2000

அன்பு மகள் ஜான்கிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீயும் சிட்னியில் சுகமாக இரு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கோபம் தீரவில்லை. முதலில் உன் தமிழ். தமிழ் சொல்லித்தரும் சங்கம் ஸ்கூலில் ஏழு வருஷம் படித்தவள் தகடு என்று எழுதாமல் "என் தட்டில் விஷம் ஏறிவிட்டது" என்று எழுதலாமா? உன் சாப்பாட்டில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அம்மா அலறித் தெருவையே கூட்டிவிட்டாள். போன் போட்ட பிறகுதான் அது உன் ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் பிளாட்டினத் தகடு, சாராயத்திலிருந்து கரண்டு எடுக்கும்போது கரிவாயு அதில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுப்பதைத்தான் விஷம் என்கிறீர்கள் என்று தெரிந்தது. அதற்குள் அவள் நேர்ந்துகொண்ட சேவலுக்கு யார் பதில் சொல்வது?

தகட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கரண்டு ஓடும்போதே ஒளியை விட்டுப் பார்க்க வேண்டும் என்று உன் புரொபசரிடம் மூன்று வருஷம் மல்லுக்கு நின்றாயே, அந்த நியாயம் எனக்குப் புரியாதா? இருபத்தெட்டு வருஷமாக மில்லில் சர்க்கரை காய்ச்சுகிறவன் நான். பாகு கொதிக்கும்போதே கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துக் குருணை கட்டுகிறதா என்று பார்க்காமல், இறக்கிய பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்? மில்லின் கழிவுப்பாகில் சாராயம், சாராயத்தில் கரண்டு, பா ஊருக்கே விளக்கெரியும் என்று யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பாதியில் விட்டுப் பெயின்ட் கம்பெனியில் சேரப்போகிறாயாம், நிரந்தர வேலை இருந்தால்தான் எங்களை அங்கேயே குடியேறக் கூப்பிட முடியுமாம், கையெழுத்துக்கு விசா விண்ணப்பப் பாரம் வேறு அனுப்பியிருக்கிறாய். உன்னை யார் கேட்டது? மே மாதம் எவனோ துப்பாக்கியோடு பார்லிமெண்டில் புகுந்து நம் இனத்துப் பிரதமரைப் பிடித்து வைத்ததற்கு என் மகள் படிப்பை விட வேண்டுமா? பக்கத்து வீட்டு ராஜேந்திரா ஆக்லாந்துக்குப் போகிறான், போகட்டும். எனக்கும் புத்தி சொல்ல வந்தான். மூன்று தலைமுறையாகக் கரும்பு வெட்டினது இங்கேதான், என்னைப் போகச் சொல்ல நீ யார் என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் அம்மா என்னைக் கேட்காமலே தன் பாரத்தில் போட்டுவிட்டாள். அதற்கும் கத்தினேன். அவள் ஒன்றுதான் சொன்னாள்: "கல்லு வந்து விழுந்தப்ப நீங்க மில்லுல இருந்தீங்க, நான்தான் வீட்டுல இருந்தேன்." ஜூன் மாதம் வீட்டின் மேல் கல்லெறிந்ததிலிருந்து பட்டப்பகலிலும் கதவைத் தாழிட்டுத்தான் சமைக்கிறாள், நானும் பார்த்தும் பார்க்காதவன் போல வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.

ஆகையால் முடிவு பண்ணிவிட்டேன், எதிர்த்து எழுதாதே. அம்மா விசிட்டர் விசாவில் உன்னிடம் வருகிறாள், அதற்கு நீ வேலையில் சேர வேண்டியதில்லை. நீ லேபை விடக் கூடாது. நீ படிப்பை முடிக்கிற வரை என் பாரம் பெட்டியிலேயே கிடக்கும். எனக்குச் சமைத்துக்கொள்ளத் தெரியும்.

மாரியம்மன் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. பதினெட்டாம் தேதி ஏர்போர்ட்டுக்கு நீயே போ, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லை, வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வருவாள். என்னை வேண்டுமானால் திட்டிக்கொள், அவளை ஒன்றும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வீராசாமி