மூன்று ராஜா வேஷமும் என் மனைவி மீதான வழக்கும்

அனுப்புநர்:
மத்தோஷ் கூபெல்கா,
நெசவாளர், முன்னாள் காலாட்படை வீரர்,
லிபோவ்கா கிராமம், மொராவியா.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்டத் தலைவர் அவர்கள்.

பொருள்: மூன்று ராஜா திருநாளில் வேஷம் கட்டிப் பாடிய என் மனைவி அமாலியா, நம் கூட்டணி மன்னர்களை இழிவுபடுத்தியதாகச் சிறையில் இருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜனவரி ஆறாம் தேதி, குழந்தை இயேசுவைக் காணச் சென்ற மூன்று ராஜாக்களாக வேஷம் கட்டி, வீடு வீடாகப் பாடி, கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் அந்த ராஜாக்களின் பெயர் முதலெழுத்துகளை எழுதிவிட்டு வருவது எங்கள் வழக்கம். தங்கள் வீட்டுக் கதவிலும் அந்த எழுத்துகள் இருக்கும். வேஷம் கட்டுவது ஆண்கள். இந்த ஆண்டு ஆண்கள் எல்லோரும் போர்முனையில். மிஞ்சிய நானோ காய்ச்சலில் கிடந்தேன். அதனால் என் மனைவியும், எதிர்வீட்டு விதவை ரொஸினாவும், அவர் மருமகள் பெட்ருஷ்காவும் கட்டினார்கள். கிடைத்த ரொட்டியும் உலர்ந்த பேரிக்காயும் தகப்பனைப் போரில் இழந்த பிள்ளைகளுக்கு.

2. மாதா கோயில் வாசலில் சார்ஜண்ட் ஹோல்ட்ஸர் இந்த மூவரையும் மறித்தார். அவர் அறிக்கைப்படி, பஞ்சுத் தாடி வைத்த ரொஸினா பனியில் வழுக்கி விழுந்தது வயதான நம் பேரரசருக்கு இழுக்கு. முகத்தில் கரி பூசிய பெட்ருஷ்கா உண்டியல் குலுக்கியது துருக்கி சுல்தானைப் பிச்சைக்காரராக்கிய குற்றம். என் மனைவி இடக்கையைக் கோட்டுக்குள் மறைத்தது ஜெர்மானியப் பேரரசரைக் கேலி செய்ததாம். பல்கேரிய மன்னரும் நம் கூட்டாளிதானே, நான்காவது ராஜா எங்கே போனார் என்று சார்ஜண்ட் எழுதவில்லை.

3. "ஜெர்மன் சக்கரவர்த்தியோட சூம்பின கையத்தானே காட்டுற?" என்று அவர் ஊர் கேட்கக் கத்தினார். அந்த மன்னருக்கு இடக்கையில் குறை என்பது அதுவரை லிபோவ்காவில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது மாட்டுச் சந்தை வரை தெரியும். இழிவு செய்தது யார் என்று தாங்களே சொல்லுங்கள்.

4. அவள் அணிந்திருந்தது என் ராணுவக் கோட்டு. அதன் இடது கை மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது. என் இடக்கை கலீசியாவில், இதே மன்னர்களுக்காகப் போனது. அதைத்தான் கேலி என்று எழுதியிருக்கிறார் சார்ஜண்ட்.

5. மற்ற இருவரையும் எச்சரித்து அனுப்பியவர், பதில் பேசியதற்காக இவளை மட்டும் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னது இவ்வளவுதான்: "சண்டைய நிறுத்தச் சொல்லுங்க சார். எங்க ஆம்பளைங்க வந்து வேஷம் கட்டிக்குவாங்க, நாங்க பாட்டுக்கு அடுப்பப் பாத்துக்குவோம்." இதில் ஒரு சொல் பொய்யா? இதற்கு ராணுவ நீதிமன்றமா?

6. விசாரணை பிப்ரவரி மூன்றாம் தேதி. ஐந்தாண்டு வரை கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் மகளுக்கு வயது இரண்டு. ஒற்றைக் கையால் அவளுக்கு என்னால் சட்டை மாட்டிவிடக்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து போகிறார்கள். அவளோ அம்மா எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, விசாரணை நாளுக்கு முன்பே தாங்கள் தலையிட்டு, வழக்கைத் தள்ளுபடி செய்து, என் மனைவியை வீட்டுக்கு அனுப்பும்படி பணிவுடனும், மறைக்காமல் சொன்னால் கோபத்துடனும் கேட்கிறேன்.

அவள் நிரபராதி என்று இருபத்து மூன்று பேர் இத்துடன் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் பெண்கள். ஆண்களின் கையொப்பமும் வேண்டுமென்று தங்கள் அலுவலக எழுத்தர் சொல்லியனுப்பினார். அவர்கள் மன்னர்களிடம் இருக்கிறார்கள், ஐயா. தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம்: லிபோவ்கா
நாள்: 19 ஜனவரி 1916

இப்படிக்கு,
மத்தோஷ் கூபெல்கா