காட்சி முனைக்குப் போகும் பாதை

அன்புள்ள சீனியருக்கு,

வேலையில் ஆறு மாதமே மூத்தவள் என்றாலும் சீனியர் சீனியர்தான் என்று நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாய். அந்த மரியாதையோடு ஆரம்பிக்கிறேன். நான் நலம். இறக்கத்தில் மட்டும் முட்டி முனகுகிறது. பால்கனிச் செடிகளில் இரண்டு பிழைத்திருக்கின்றன. மூன்றாவதைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் பாதியிலேயே வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

வரைபட வேலைக்காக நீ அந்தக் குளிர் ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும், நீங்க என்ன சொல்றீங்க என்று போன வாரம் கேட்டாய். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஆபீஸ் கதை.

மலையேறுகிறவர்களுக்காகப் புதிதாக ஒரு ஜி.பி.எஸ். கருவி வரப்போகிறது. அதில் எந்தக் கம்பெனியின் வரைபடத்தைப் போடலாம் என்று சோதித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று கம்பெனி, மூன்று வரைபடம். மூன்று கருவிகளில் ஏற்றி, மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நம் பழைய மலைக்கே போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து விலை கேட்டார்.

முதல் வரைபடம் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓடை, உயரத்தைக் காட்டும் கோடுகளை வெட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறது. மேல்நோக்கி ஓடும் தண்ணீரை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டாவதில் கோடுகள் வெளிறிப்போய், வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சம் பெரிதாக்கினால் படம் வந்து சேர்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். மூன்றாவது, விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைந்தது. கச்சிதம். எழுத்துதான் எறும்பு சைஸ். கண்ணாடியை ஏற்றி இறக்கியே கை ஓய்ந்துவிட்டது. நீ இருந்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பாய், நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். முதல் இரண்டு வரைபடங்களிலும் அங்கிருந்து இடப்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்து, வளைந்து வளைந்து போய் ஒரு பாறையில் முடிகிறது. மூன்றாவதில் அது இல்லை. உனக்குப் புரிந்திருக்கும், இப்போது நீ சிரித்துக்கொண்டிருப்பாய்.

வரைபடத்துக்காக இந்த மலையை அளக்க நாம் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. செங்கல் கனத்தில் கருவி உன் கையில், நோட்டு என் கையில். வலப்பக்கம் போங்க, இதுல தெளிவா காட்டுதே என்று நீ சொன்னாய். எனக்குத் தெரியாத மலையா, அந்தச் செங்கல்லைத் தூக்கிப் பையில் போடு என்று நான் இடப்பக்கம் இறங்கினேன். முள்ளில் மாட்டி, சட்டை கிழிந்து, ஒரு மணி நேரம் சுற்றி அந்தப் பாறையில் போய் உட்கார்ந்தோம். நீ திட்டவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாய். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அங்கேதான் கேட்டேன். முதல்ல வழியைக் கண்டுபிடிங்க, அப்புறம் பார்க்கலாம் என்றாய்.

இந்த அமர்க்களத்தில் கருவி பதிவு செய்துகொண்டே இருந்ததை இரண்டு பேருமே மறந்தோம். நாம் சுற்றிய சுற்றெல்லாம் ஆபீசுக்குப் போய், வரைகிறவர்கள் அதைப் பாதை என்றே வரைந்துவிட்டார்கள். பாறையில் போய் முடிகிறதே, பார்க்க ஏதாவது இருக்கும் என்று 'காட்சி முனை' என்று பெயர் வேறு. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தோம். வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டோம். இந்த இரண்டு கம்பெனியும் அதைத்தான் காப்பி அடித்திருக்கின்றன.

இல்லாத பாதை என்று எழுதிவிட்டு வரலாம் என்றுதான் இறங்கினேன். பாதை இருந்தது. நிஜமாகவே இருந்தது, விமானப் படத்துக்குத் தெரியாமல் புதருக்கடியில், புல்லெல்லாம் தேய்ந்து. நாம் திரும்பிய இடத்திலெல்லாம் அதுவும் திரும்புகிறது. நான் முள்ளில் மாட்டி, நீ வந்து எடுத்துவிட்டாயே, அந்த இடத்தில்கூட ஒரு சின்ன நெளிவு. கருவியைப் பார்த்துப் பார்த்து இத்தனை வருடமாக ஜனங்கள் நடந்திருக்கிறார்கள்.

பாறையில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே புதரைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நாங்களும் நாலு தடவை வந்துட்டோம் சார், என்ன காட்சின்னுதான் புரியல, ஆனா ரெண்டு பேரா உக்கார நல்லா இருக்கு என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். மூன்றாவது வரைபடத்தைத்தான் சிபாரிசு செய்திருக்கிறேன், எழுத்தைப் பெரிதாக்கி, அந்தப் பாதையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. பாதை எப்படி உண்டானது என்று கேட்கிற கட்டத்தில், 'கருவி வைத்திருந்தவர் வலப்பக்கம் என்று சரியாகச் சொன்னார். நோட்டு வைத்திருந்தவர் வீம்புக்கு இடப்பக்கம் இறங்கினார். தவறு பின்னவருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதெல்லாம் ரிப்போர்ட்ல எழுதணுமா என்று மேலாளர் கேட்டார். எழுதணும் சார், ஏற்கெனவே இருபத்திரண்டு வருஷம் லேட்டு என்றேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்த வேலை உனக்குக் கிடைத்தபோது, அதற்கு உன்னைவிடப் பொருத்தமானவர் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது, போறதுன்னா போ. போன வாரமும் அதே வீம்புதான். உன் இஷ்டம் என்று சொன்னது பொய். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது, அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

கையெழுத்துப் போடத் தோன்றினால் தயங்காமல் போடு. நான் லீவு போட்டுவிட்டு அங்கே வருகிறேன். லீவு போதாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். திரும்பி வரத் தோன்றினால் வா, ஸ்டேஷனில் நிற்கிறேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

எந்தப் பக்கம் என்று மட்டும் சொல். இந்த முறை நீ சொன்ன பக்கம் திரும்புகிறேன்.

இப்படிக்கு,
உன் நோட்டுக்காரன்