சீல் பிரிக்காத பெட்டி

நாள் 203, காலை 07:40

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் 21 சதவீதம். தண்ணீர்த் தொட்டி முக்கால் அளவு. ஆட்கள் இருவர், இருவரும் நலம்.

எழுதுவது நாச்சிமுத்து, பராமரிப்பு மெக்கானிக், வயது 49, ஊர் கோயமுத்தூர் பீளமேடு. இடம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் செரஸ் என்ற குட்டிக் கோளில் பனி தோண்டும் நிலையம். கூட இருப்பவர் தூத்துக்குடி பிலோமினா. பனியைத் துளைப்பது அவள் வேலை, துளைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுத்த கப்பலுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருகிறவருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

இன்று பம்ப் மூடியைக் கழற்றும்போது 46 எம்.எம். ராட்செட்டின் தலையில் முடியளவு விரிசல் கண்டேன். ராட்செட் என்பது பெரிய போல்ட் கழற்றும் நீளக் கைப்பிடி. முனையில் சாக்கெட் மாட்டித் திருக வேண்டும்.

இந்த டூல் செட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அலுவலகத்தில் சம்மட்டியால் அடித்துச் செய்த விலை கூடிய செட் ஒன்றைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். நான் ஆடித் தள்ளுபடியில் இதைப் பார்த்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், மேலே கொஞ்சம் கட்டினால் பத்து வருட நீட்டித்த வாரண்டி. இரும்பு எங்கே போனாலும் இரும்புதான், உடைந்தால் மாற்றித் தருகிறான், இதில் என்ன பயம் என்று ஒரு மணி நேரம் பேசி எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்தேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இதைச் சரி செய்வது பத்து நிமிட வேலை. தலையை வெட்டி எறிந்துவிட்டு, சாக்கெட்டோடு ஒரு கம்பியை வெல்டிங் வைத்தால் டி-ஸ்பேனர் ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் வாரண்டி கார்டில் ஆறாவது நிபந்தனை தெளிவாக இருக்கிறது. பொருளில் வெல்டிங் வைத்தால் வாரண்டி ரத்து.

வெல்டிங் வைக்கவில்லை. கோரிக்கை அனுப்பியிருக்கிறேன்.

நாள் 205, காலை 11:15

காற்றழுத்தம் சரி. பம்ப் ஓடுகிறது.

பூமிக்குச் செய்தி போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம், பதில் வர இன்னொரு இருபத்தைந்து நிமிடம். வாடிக்கையாளர் சேவைக்கு அது போதவில்லை, இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

“வணக்கம். தங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துள்ளோம். விரிசலின் புகைப்படம், அசல் பில், அசல் அட்டைப்பெட்டியின் புகைப்படம் ஆகியவற்றை அனுப்பவும். இலவசமாக வழங்கப்பட்ட இரண்டாவது செட்டின் சீல் பிரிக்கப்படாமல் இருப்பது படத்தில் தெரிய வேண்டும். கோரிக்கை முடியும்வரை எந்தப் பாகத்திலும் மாற்றம் செய்ய வேண்டாம். எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி.”

எல்லாம் இருக்கிறது. பில் இருக்கிறது, லேமினேட் செய்த கார்டு இருக்கிறது, அட்டைப்பெட்டிகூட இருக்கிறது. வீட்டில் மிக்ஸி, டி.வி., டேபிள் ஃபேன் வந்த பெட்டிகளெல்லாம் தெர்மாகோலோடு பரணில் அடுக்கி வைத்திருக்கிறேன். அதற்காக என் மனைவி சொர்ணம் என்னைத் திட்டாத வாரம் கிடையாது. இரண்டாவது செட்டை ஏழு மாதமாக நான் பிரிக்கவே இல்லை. புதுப் பொருளைப் பிரிக்க எனக்கு மனசு வராது.

படம் எடுப்பதைப் பார்த்த பிலோமினா, துளைக் கூடத்துக்குக் கிளம்பும்போது ரேடியோவில் சிரித்தாள்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டிக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுத்திருப்பிய போல.”

“சிரி அம்மிணி, சிரி. நாளைக்கு இதுதான் ஒதவோணும்.”

நாள் 209, காலை 08:20

காற்றழுத்தம் சரி.

கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. இதே செட்டில் வந்த சுத்தியலின் தலை முதல் மாதமே கழன்று பறந்தது. அந்தக் கோரிக்கை இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. சுத்தியல் பிடியையும் தலையையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று துளைக் கூடத்திலிருந்து பிலோமினா வந்து போனாள். போகும்போது கேட்டாள்.

“தொளைக்கிற பல்லு தேஞ்சு கெடக்கு அண்ணாச்சி. வெல்டிங் மெஷின நான் கொண்டுட்டுப் போறேன். ஒங்களுக்கு ஏதும் வேலை கெடக்கா?”

“எனக்கெதுக்கு? எடுத்துட்டுப் போ. கம்பெனி பதில் வந்துரும்.”

எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாள் 212, காலை 09:05

தரை அதிர்ந்தது. பதினெட்டு விநாடி. நிலையத்துக்குச் சேதமில்லை.

துளைக் கூடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கிறது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிலோமினா உள்ளே இருக்கிறாள்.

“அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்ல. கதவு நெளிஞ்சு மாட்டிக்கிட்டு, அசைய மாட்டேங்குது. வெளிய உள்ள ஆக்சிஜன் கொழாயும் அந்து போச்சி. மீட்டரு நாலு மணி நேரம் காட்டுது.”

அறைக் காற்று நாலு மணி நேரம். விண்வெளி அங்கியில் இன்னும் இரண்டு மணி நேரம். மொத்தம் ஆறு.

கூடத்தின் பின்பக்கம் அவசர வழியை மூடிய தகடு ஒன்று உண்டு. பன்னிரண்டு போல்ட், 46 எம்.எம். எல்லாம் குழிக்குள் பதிந்தவை, சாக்கெட் தவிர வேறு ஸ்பேனர் நுழையாது. வெளியிலிருந்து மட்டும்தான் கழற்ற முடியும். இதை வரைந்தவர் ஒரு நாளாவது உள்ளே உட்கார்ந்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டார்.

விரிசல் ராட்செட்டை எடுத்துக்கொள்கிறேன். சீல் பிரிக்காத பெட்டியையும் எடுத்துக்கொள்கிறேன். வண்டியில் நாற்பது நிமிடம்.

நாள் 212, 10:10 (தலைக்கவசப் பதிவு, நான் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்ளும்)

வந்து சேர்ந்தேன். வெளியே குளிர் மைனஸ் நூற்றிப் பத்து. இங்கே என் எடை இரண்டு கிலோ சொச்சம். ராட்செட்டைத் தள்ளினால் போல்ட் திரும்பாது, நான்தான் திரும்புகிறேன். பெல்ட்டைக் கூடத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வண்டியால் தகட்டை இழுத்தும் பார்த்தாயிற்று. சக்கரம் வெறுமனே சுழல்கிறது.

முதல் போல்ட் வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது.

மூன்றாவதில் ராட்செட் தலை இரண்டாகப் பிளந்தது. விரிசல் இருந்த அதே இடம்.

பெட்டியைப் பிரிக்கிறேன். சீலைக் கிழிக்கும்போது கை ஒரு விநாடி நின்றது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய். உள்ளே ஒரு பெண் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறாள், என் கை சீலைப் பார்த்துத் தயங்கியது.

நாள் 212, 11:50 (தலைக்கவசப் பதிவு)

எட்டுப் போல்ட் கழன்றன. ஒன்பதாவதில் புது ராட்செட்டும் போய்விட்டது. அதே இடத்தில். உடைந்த வாயைப் பார்த்தேன். நடுவில் காற்றுக் குமிழி, இட்லியில் இருப்பதுபோல. அச்சில் ஊற்றிய மட்ட வார்ப்பு, இரண்டும் ஒரே நாளில் ஊற்றியவை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கினால் ஓட்டையும் சேர்த்துத்தான் இலவசம்.

நாலு போல்ட் மிச்சம். சாக்கெட் இருக்கிறது, பிடிக்கக் கைப்பிடி இல்லை. நிலையத்துக்குப் போய், கம்பி தேடி, சாக்கெட்டின் சதுரத் துளைக்கு ஏற்ப அரம் போட்டு எடுத்து வர ஐந்து மணி நேரமாவது ஆகும். அவளுக்கு மிச்சம் மூன்றே கால் மணி நேரம்.

வெல்டிங் மெஷின் இருந்தால் பத்து நிமிடம். மெஷின் இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம், அவள் காலடியில் இருக்கிறது.

நாள் 203 அன்று அது என் மேசையில் இருந்தது. விரிசலும் என் கையில் இருந்தது. ஆறு நாள், தினமும் பத்து நிமிடம் எனக்கு இருந்தது. நான் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மட்டமான பொருள் உடையும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கார்டு இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே வெல்டிங் வைத்திருப்பேன். அந்தக் கார்டுதான் என் கையைக் கட்டிப் போட்டது. இல்லை, அதுவும் தப்பு. கட்டிக்கொண்டவன் நான்.

நாள் 212, 12:05 (தலைக்கவசப் பதிவு)

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“சரி அண்ணாச்சி, அத அப்புறம் பேசுவோம். போல்ட்டு வாலு நட்டோட உள்ளதான நீட்டிக்கிட்டு நிக்கி. நட்ட சட்டத்தோட ஒட்டி வச்சிருக்காவ, ஸ்பேனரு பிடிக்காது. ஆனா வெல்டிங்ல உருக்கி வெட்டலாம்லா?”

வெட்டலாம். எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. ஆனால் அறைச் சுவர் முழுக்க நுரைப் பஞ்சு. ஆக்சிஜன் இருக்கும்போது பொறி பட்டால் அவளோடு சேர்ந்து எரியும். காற்று முழுவதையும் வெளியே விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். விட்டால் அங்கியில் உள்ள இரண்டு மணி நேரம் மட்டும். திரும்பி வர வழி கிடையாது.

“நல்லா யோசிச்சுக்கோ கண்ணு.”

“யோசிச்சாச்சி. அங்கிய மாட்டிட்டேன். வால்வத் தெறக்கேன்.”

12:11. தகட்டுக்குப் பக்கத்து வால்வு வழியாக வெள்ளையாகக் காற்று பீய்ச்சியடித்தது. ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது.

நாள் 212, 13:35 (தலைக்கவசப் பதிவு)

ஒன்பது விட்டது. பத்து விட்டது. பதினொன்றும் விட்டது. தகட்டில் கை வைத்தால் அவள் வெட்டுவது தெரிகிறது.

“அண்ணாச்சி, மெஷின் பேட்டரி செத்துப் போச்சி. கடைசி நட்டு பாதிதான் வெட்டிருக்கு.”

அங்கியில் முப்பத்தாறு நிமிடம்.

பாதி வெட்டிய போல்ட், இந்தக் குளிரில் நெம்பினால் முறியும். கடப்பாரை இல்லை. சுத்தியல் நிலையத்தில், கவருக்குள் இருக்கிறது. என்னிடம் இருப்பது உடைந்த ராட்செட். அதன் கைப்பிடி முனை மட்டும்தான் தகட்டு இடுக்கில் நுழைகிறது. உடைந்த முனை என் உள்ளங்கைப் பக்கம் வருகிறது. கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூர்.

வேறு வழி தெரியவில்லை. நெம்புகிறேன்.

13:44

அசைகிறது.

13:47

கையுறை கிழிந்துவிட்டது. அங்கி அழுத்தம் 80 சதவீதம். வண்டியில் ஒட்டுப் பட்டை இருக்கிறது. போய் ஒட்டி வரப் பத்து நிமிடம் ஆகும். ஒட்டினால் கை மடங்காது, நெம்பப் பிடி கிடைக்காது.

அவளிடம் சொல்லவில்லை. இதைப் படிப்பவர் கோபப்பட வேண்டாம்.

13:52

64. விரல் மரத்துப்போயிற்று. அவள் உள்ளே காலால் உதைக்கிறாள். நல்ல பெண்.

சொர்ணத்திடம் சொல்லுங்கள். பரணில் இருக்கும் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

13:55

51. இன்னும் ஒரு நெம்பு

முறிந்த

நாள் 216, காலை 10:30

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் 21 சதவீதம். தண்ணீர்த் தொட்டி பாதி. ஆள் ஒருவர்.

எழுதுவது பிலோமினா. தகடு விழுந்து நான் வெளியே வந்தபோது அண்ணாச்சி பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். ராட்செட்டைக் கையிலிருந்து விடவில்லை. கிழிசலை என் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு இழுத்துப் போனேன். ஒட்டுப் பட்டை போட்டேன், புது சிலிண்டர் மாட்டினேன், நிலையம் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தேன். அவர் மூச்சு திரும்பவில்லை. வடக்குச் சுவர் ஓரம் பனிக்குள் வைத்திருக்கிறேன். கப்பல் வரும்போது அவரை ஊருக்குக் கொண்டு போவேன். மூன்று நாள் அழுதேன். அவர் எழுதியதை இன்றைக்குத்தான் படித்தேன். கையுறை கிழிந்ததை என்னிடம் சொல்லாததற்குக் கோபப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம்தான், அது தீராது.

காலையில் இது வந்தது.

“வணக்கம் திரு. நாச்சிமுத்து. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். அதே மாடல் புதிய செட் அடுத்த கப்பலில் அனுப்பப்படும். பழுதான பாகத்தை மாற்றம் ஏதும் செய்யாமல் அசல் பெட்டியில் வைத்திருக்கவும். இணைப்பில் உள்ள படிவத்தை வாடிக்கையாளரே நிரப்ப வேண்டும்.”

வெல்டிங் மெஷினை சார்ஜ் போட்டேன். உடைந்த ராட்செட் இரண்டில் ஒன்றை எடுத்துத் தலையை அறுத்துவிட்டு, கைப்பிடியைச் சாக்கெட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்தேன். துளைக்கும் பல்லைத் தவிர நான் வேறு எதையும் வெல்டிங் வைத்தவள் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘பொருளில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா’ என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

ஸ்பேனர் பம்ப் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள்.